சுவர் இழுபடும்போது

உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போகிறது. தசை சுருங்குவதற்குத்தான் ஆற்றல் வேண்டும், விடுவதற்கு எதுவும் வேண்டாம் என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். பிணத்தின் விறைப்பு அந்த நினைப்பைப் பொய்யாக்குகிறது. தசைநாருக்குள் மயோசின், ஆக்டின் என்ற இரு புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதால் சுருக்கம் உண்டாகிறது. பற்றிய பிடி விடுபட வேண்டுமானால் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து மயோசினில் ஒட்ட வேண்டும். அது தீர்ந்துபோனால் பிடி பிடித்தபடியே நின்றுவிடும். இதயத் தசைக்கும் இதே விதிதான். ஒவ்வொரு துடிப்பிலும் செல்லுக்குள் பாய்ந்த கால்சியத்தை மறுபடி அதன் கிடங்குக்குள் இறைத்துக் கொட்டியாக வேண்டும். அந்தப் பம்புக்கும் ஏ.டி.பி.தான் எரிபொருள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை இது நடக்கிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு நொடிகூட இல்லை. அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் இதயம் தளர்வதிலும் நிரம்புவதிலும் கழிகிறது. வேகமாக நடந்தால் துடிப்பு கூடுகிறது. அப்போது பெரிதும் வெட்டப்படுவது தளர்வுக்கான நேரம்தான். ஆக, இதயம் ஓய்வெடுப்பதாகப் பழைய பாடநூல்கள் சொன்ன அந்தக் கட்டம் உண்மையில் அதன் வேலைகளிலேயே நுட்பமானது, எளிதில் கெடக்கூடியது.

அது இரண்டு வகையில் கெடலாம். பிடி விடுவது தாமதமாகலாம்: கால்சியப் பம்பு மந்தமாகி, அடுத்த துடிப்புக்கு நேரமாகியும் தசை முழுதாக விடாமல் இருக்கும். அல்லது, விட்ட பிறகும் சுவர் இளகாமல் போகலாம்: தசைநாருக்குள் சுருள்வில் போல வேலை செய்யும் டைட்டின் என்ற புரதம் இறுகுகிறது, செல்களுக்கிடையே கொலாஜன் நார் மண்டுகிறது, சுவர் கெட்டிப்படுகிறது. வயது, நெடுநாள் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், உடல் பருமன் எல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே கொண்டுவருகின்றன. விளைவு ஒன்றுதான். அதே அளவு ரத்தம் உள்ளே வர முன்னைவிடக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. இடது கீழறையில் கூடிய அழுத்தம் இடது மேலறைக்கும், அங்கிருந்து நுரையீரல் சிரைகளுக்கும் பின்னேறுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோ எடுத்தால் பம்பிங் நன்றாக இருக்கிறது என்றே அறிக்கை வரும். கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கில் குறை எதுவும் இல்லையே. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த வகையினர். நோயாக வெளிப்படும் முன்பே குறை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் வட்டாரத்தில் 45 வயதுக்கு மேற்பட்ட 2,042 பேரிடம் நடத்தி, 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது: 20.8 சதவீதம் பேருக்கு லேசான தளர்வுக் குறை, 6.6 சதவீதம் பேருக்கு நடுத்தரக் குறை, 0.7 சதவீதம் பேருக்குக் கடுமையான குறை. இவர்களில் பெரும்பாலோருக்கு இதயச் செயலிழப்பு இருப்பதாக யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதயம் எவ்வளவு அழுத்தத்தில் நிரம்புகிறது என்பதை நேராக அளக்க ஒரே வழி, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி உள்ளே அழுத்தம் பார்ப்பது. மூச்சு வாங்குகிறது என்று வரும் ஒவ்வொருவருக்கும் அதைச் செய்ய முடியாது. எக்கோ வலியற்றது, ஆனால் அதுவும் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, ரத்தம் பாயும் வேகத்தையும் சுவர் அசையும் வேகத்தையும் பார்த்து அழுத்தத்தை ஊகிக்கிறது. ஆகவே, ஒரு சொட்டு ரத்தத்தில் பதில் கிடைத்துவிடாதா என்ற ஏக்கம் மருத்துவத்தில் நெடுங்காலமாக உண்டு. அந்த ஏக்கத்துக்குக் கிடைத்த பதில்தான் பி.என்.பி., என்.டி. புரோ பி.என்.பி. என்ற இரண்டு குறிப்பான்கள். இன்று பெரிய ஆய்வுக்கூடம் எதிலும் இவற்றைப் பார்க்கிறார்கள். அறிக்கையில் ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் ஓர் இயல்பு வரம்பும் அச்சாகின்றன. எண் வரம்புக்குள் இருந்தால் இதயம் நன்றாகத் தளர்கிறது என்று பலரும் பொருள் கொள்கிறார்கள். இந்த அத்தியாயம் மறுக்க விரும்புவது அந்த வாசிப்பைத்தான். அந்த மூலக்கூறுக்குத் தளர்வைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே: கீழறையின் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பது. அதன் வலிமையும் அது தவறும் இடங்களும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

கதை மேலறையில் தொடங்குகிறது. 1950-களில் மின்னணு நுண்ணோக்கியால் பார்த்தபோது, மேலறைச் செல்களுக்குள் சின்னச் சின்ன உருண்டை மணிகள் தெரிந்தன. ஹார்மோன் சுரக்கும் சுரப்பிகளில்தான் அப்படிப்பட்ட சேமிப்பு மணிகள் இருக்கும். ரத்தத்தை இறைக்கும் ஒரு தசைக்கு அவை எதற்கு? கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்ட் என்ற ஆய்வாளர் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் துரத்தினார். 1981-ல் அவரும் கூட்டாளிகளும் எலியின் மேலறையை அரைத்து வடித்த சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். சிறுநீரில் வெளியேறிய உப்பு 30 மடங்குக்கும் மேல் கூடியது. கீழறையின் சாறு எதையும் செய்யவில்லை. இதயம் சிறுநீரகத்தோடு பேசுகிறது, உப்பையும் நீரையும் வெளியேற்றி என் பாரத்தைக் குறை என்று கேட்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. 1988-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையிலிருந்து இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பெப்டைடைப் பிரித்தெடுத்தார்கள். பி.என்.பி.யின் முதல் எழுத்து மூளையைக் குறிப்பது அதனால்தான். பெயர் மூளைக்குப் போனாலும், மனிதரில் அதன் முதன்மை ஊற்று இதயத்தின் கீழறை என்று சில ஆண்டுகளிலேயே தெரிந்தது.

டி போல்டின் சோதனையில் வாய்மூடி இருந்த அதே கீழறை! இந்த முரணுக்குள்தான் குறிப்பானின் பயன் ஒளிந்திருக்கிறது. மேலறை தன் ஹார்மோனை மணிகளில் சேர்த்து வைக்கிறது. கீழறை பெரிய இருப்பு எதுவும் வைப்பதில்லை. சுவர் இழுபட்டதும் அதற்குரிய மரபணு விழித்து, 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு முன்னோடிப் புரதம் புதிதாக உருவாகிறது. அதை ஒரு நொதி இரண்டாக வெட்டுகிறது. 32 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு பி.என்.பி.; உப்பை வெளியேற்றுவது, ரத்தக்குழாயைத் தளர்த்துவது எல்லாம் அதன் வேலை. மிச்சமுள்ள 76 அமினோ அமிலத் துண்டு என்.டி. புரோ பி.என்.பி.; அதற்கு வேலை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. முதலாவது ரத்தத்தில் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். இரண்டாவது பாதியாக ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அதனால் கூடுதல் அளவில் தேங்கி நிற்கும், அளப்பதற்கும் வசதி. இருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்காமல் தேவைப்படும்போது ஆக்கிக் கொடுப்பதால், இந்த எண்கள் அண்மைய மணி நேரங்களில் கீழறை பட்ட பாட்டைச் சொல்கின்றன.

எந்தப் பாடு என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்ல வேண்டும். 2006-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வு, இதயச் செயலிழப்புள்ள 160 பேரிடம் பி.என்.பி.யோடு, கீழறைக்குள் அழுத்தத்தையும் சுவரில் விழும் இழுவிசையையும் தனித்தனியே கணக்கிட்டது. பி.என்.பி. அழுத்தத்தோடு ஒத்துப்போனதைவிட மிக நெருக்கமாக இழுவிசையோடு ஒத்துப்போனது. அழுத்தமும் இழுவிசையும் ஒன்றல்ல. உள்ளழுத்தத்தை அறையின் ஆரத்தால் பெருக்கி, சுவரின் தடிமனால் வகுத்தால் இழுவிசையின் போக்கு கிடைக்கும். பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸின் பெயரால் வழங்கும் இந்த விதியை வைத்து இரண்டு இதயங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று, மாரடைப்பால் பலமிழந்து ஊதிப் பெருத்துச் சுவர் மெலிந்த இதயம். மற்றொன்று, நெடுநாள் ரத்தக் கொதிப்பால் சுவர் தடித்து அறை சுருங்கிய இதயம். இரண்டிலும் நிரம்பும்போது ஒரே அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதன் ஆரம் முதலாவதில் பாதி, தடிமன் இரு மடங்கு என்றால், அதன் சுவரில் விழும் இழுவிசை நாலில் ஒரு பங்குதான். நுரையீரலுக்குப் பின்னேறும் அழுத்தம் இருவருக்கும் ஒன்றே. மூச்சு வாங்குவதும் ஒன்றே. ரத்தத்தில் காணும் எண் மட்டும் வெகுவாக வேறுபடும். இரண்டாவதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் இதயம். தளர மறுக்கும் இதயம் பெரும்பாலும் தடித்த சுவரும் சிறிய அறையும் கொண்டது. தன்னைக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறை அடக்கி வைக்கும் வடிவத்தை அந்த நோயே உண்டாக்கிக்கொள்கிறது.

இது வெறும் சூத்திரக் கணக்கு என்று தோன்றினால், இயற்கையே நடத்திக் காட்டும் ஒரு சோதனை உண்டு. இதயத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலும் காசநோயால் அந்த உறை தடித்துச் சுருங்கி, இதயத்தை இறுக்கிப் பிடித்துவிடுவதுண்டு. இதயத் தசையே கெட்டியாகி நிரம்ப மறுக்கும் நோயும் உண்டு. நோயாளியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: கால் வீக்கம், வயிற்றில் நீர், புடைத்த கழுத்துச் சிரை. குழல் செலுத்திப் பார்த்தாலும் இரண்டிலும் நிரம்பும் அழுத்தம் உயர்ந்தே இருக்கும். 2005-ல் வெளியான ஒரு சிறு அமெரிக்க ஆய்வில் இப்படிப்பட்ட 11 பேரின் பி.என்.பி.யைப் பார்த்தார்கள். தசை கெட்டிப்பட்டவர்களுக்குச் சராசரி மில்லிலிட்டருக்கு 825 பிகோகிராம் அளவில் இருந்தது; உறை இறுகியவர்களுக்கு 128 அளவில்தான் இருந்தது. எண்ணிக்கை மிகச் சிறியதுதான், ஆனால் வேறுபாடு அவ்வளவு பெரியது. காரணம் எளிது. உறை வெளியிலிருந்து அணை கட்டிவிட்டதால், உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறினாலும் சுவர் விரிந்து இழுபட இடமில்லை. இழுபடாத சுவர் பி.என்.பி. சுரக்கவில்லை. கூரிய கத்தியால் பிரித்ததுபோல இந்த நோய் அழுத்தத்தையும் இழுவிசையையும் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. மூலக்கூறு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் பிறகு ஐயம் இல்லை.

இனி உடல் பருமனுக்கு வரலாம். தளர்வுக் குறையால் மூச்சு வாங்குபவர்களில் பெரும்பங்கினர் பருமனானவர்கள். அவர்களுக்கு இந்த எண்கள் குறைவாக இருக்கும் என்பது இருபது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. கொழுப்புத் திசு இந்தப் பெப்டைடுகளைக் கூடுதலாக அகற்றிவிடுகிறது என்ற விளக்கம் வெகுநாள் வழங்கியது. ஆனால் கொழுப்பு அகற்றுவது பி.என்.பி.யை மட்டும்தான் என்றால், பெரிதும் சிறுநீரகம் வழியாகக் கழியும் என்.டி. புரோ பி.என்.பி. ஏன் குறைகிறது? 2017-ல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் பருமனான நோயாளிகளைத் தனிப் பிரிவாக வைத்து அவர்களின் இதயத்தை ஆராய்ந்தபோது இன்னொரு விளக்கம் வலுப்பெற்றது. இதயத்தைச் சுற்றிக் கொழுப்பு படிந்திருக்கிறது, ரத்தத்தின் அளவும் கூடியிருக்கிறது, இதயமும் பெரிதாகியிருக்கிறது; உறையோ அந்த வேகத்துக்கு விரிவதில்லை. இடநெருக்கடி. உறை நோயால் இறுகாவிட்டாலும், உள்ளே அடைத்து நிரம்பியதால் இறுகியதுபோல நடந்துகொள்கிறது. உள்ளழுத்தம் உயர்கிறது, வெளியழுத்தமும் கூடவே உயர்வதால் சுவரில் விழும் இழுவிசை அந்த அளவுக்கு உயர்வதில்லை. பருமனானவரின் குறைந்த எண்ணை ஆய்வுக்கூடப் பிழைபோலவோ கொழுப்பின் குறுக்கீடுபோலவோ ஒதுக்கிவிட முடியாது என்பது இதிலிருந்து தெளிகிறது. மூலக்கூறு உண்மையைத்தான் சொல்கிறது. நாம் கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல, அவ்வளவுதான்.

நேரம் என்ற இன்னொரு சிக்கலும் உண்டு. தொடக்க நிலையில் உள்ளவருக்கு உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் இயல்பாக இருக்கும். படி ஏறும் இரண்டு நிமிடத்தில் மட்டும் அழுத்தம் தாவி ஏறும், நின்றதும் இறங்கும். மரபணு விழித்துப் புரதம் செய்து ரத்தத்தில் எண் ஏற அந்த இரண்டு நிமிடம் போதாது. 2010-ல் வெளியான ஓர் ஆய்வு இதை மறக்க முடியாத வகையில் காட்டியது. உழைக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று சொன்ன, ஆனால் பி.என்.பி. இயல்பாகவும் ஓய்வில் இதய அழுத்தங்கள் இயல்பாகவும் இருந்த 55 பேரை, உள்ளே குழல் இருக்கும்போதே சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். 32 பேருக்கு நுரையீரல் பக்க அழுத்தம் 25 மில்லிமீட்டரைத் தொட்டது அல்லது தாண்டியது. பாதிக்கும் மேல்! அவர்கள் மூச்சு வாங்குவதாகச் சொன்னது மிகை அல்ல, மனப்பிரமை அல்ல, வயதாகிவிட்டதும் அல்ல. இயல்பான எண்ணைக் கையில் கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை, நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று அனுப்பிவைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் இந்த ஆய்வு ஒரு நியாயம் வழங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இந்தச் சோதனை பல ஆண்டுகளாக ஆளைக் காப்பாற்றி வருகிறதே? 2002-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், மூச்சுத் திணறலோடு வந்த 1,586 பேரிடம் பி.என்.பி. 100 பிகோகிராம் என்ற வரம்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது. எண் குறைவாக இருந்தால் இதயம் காரணமில்லை என்று ஒதுக்கலாம் என்ற விதி அங்கிருந்துதான் பிறந்தது. அந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம், அதை அவசரப் பிரிவிலிருந்து பெயர்த்துப் புறநோயாளிப் பிரிவில் நடுவதில்தான். திணறிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் வருபவரின் இதயம் பல மணி நேரமாக, சில நாளாகக்கூட, ஓய்விலும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. சுரக்க வேண்டியதெல்லாம் சுரந்திருக்கும். தானே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கோயில் படி ஏறினால்தான் கஷ்டம் என்று சொல்பவரின் இதயம் அப்போது இழுபடவே இல்லை. புறநோயாளிகளுக்கு என்.டி. புரோ பி.என்.பி.யின் வரம்பை 125 என்று கீழே இறக்கிவைத்திருக்கிறார்களே என்றால், அதுவும் போதவில்லை. காரணம் தெரியாத மூச்சிரைப்புக்காகக் குழல் செலுத்திச் சோதிக்கப்பட்டவர்களை வைத்து 2025-ல் வெளியான ஆய்வில், அந்த வரம்பு, உடல் நிறை எண் 35-க்குக் கீழே இருந்த நோயாளிகளில் 82 சதவீதம் பேரைப் பிடித்தது. 35-ம் அதற்கு மேலும் இருந்தவர்களில் 67 சதவீதம் பேரையே பிடித்தது. மூன்றில் ஒருவரைத் தவறவிடும் சல்லடையை, இல்லை என்று சொல்வதற்கான சான்றாகப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. சுவர் தடித்தால் இழுவிசை குறையும், எண்ணும் குறையும் என்றால், அமிலாய்டு என்ற புரதப் படிவால் சுவர் தடித்துக் கெட்டியான இதயத்தில் எண் வானளாவ உயர்கிறதே? உயரத்தான் செய்கிறது, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பிரிக்கக்கூட அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே சுவரைத் தடிமனாக்கியது தசை இல்லை. செல்களுக்கிடையே வந்து அடைந்த அந்நியப் பொருள். பாரத்தைச் சுமக்கும் தசைச் செல்கள் கூடவில்லை, நசுங்கித் துன்புறுகின்றன. லாப்லாஸ் கணக்கில் சேர வேண்டியது பாரம் தாங்கும் தடிமன்தான். எனவே ரத்தக் கொதிப்பால் சுவர் தடித்தது என்று நினைத்திருந்த ஒருவருக்கு எண் எதிர்பாராத அளவு உயர்ந்திருந்தால், அந்தத் தடிப்பின் காரணத்தையே மறுபடி கேட்க வேண்டும். விதிக்கு விலக்குபோலத் தோன்றியது, விதியைத் தெரிந்தவருக்குத் துப்பாக மாறுகிறது.

உயர்ந்த எண்ணும் தானாகவே தளர்வுக் குறையைச் சுட்டிவிடாது. வயது கூடக் கூட எண் கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல். சிறுநீரகம் பழுதானால் கழியாமல் தேங்கும். மேலறை நடுக்கம் என்னும் தாறுமாறான துடிப்பு இருந்தால் பல மடங்கு உயரும். நெப்ரிலைசின் என்ற நொதியைத் தடுக்கும் சாகுபிட்ரில் கலந்த மாத்திரையைச் சாப்பிடுபவருக்கு அந்த நொதி சிதைக்கும் பி.என்.பி. உயரும், அது தொடாத என்.டி. புரோ பி.என்.பி.யில் அந்தக் கோளாறு வராது. இவையெல்லாம் மருத்துவர்களுக்குத் தெரிந்தவை. நோயாளி கையில் தாளை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடும்போதுதான் வீண் பீதியைக் கிளப்புகின்றன.

சரி, இழுவிசையைச் சொல்லும் மூலக்கூறை விட்டுவிட்டு, சுவரின் கெட்டித்தன்மையையே சொல்லும் ஒன்றைத் தேடலாமே? தேடியிருக்கிறார்கள். கொலாஜன் செல்லுக்கு வெளியே வந்து நாராகத் திரளும்போது அதன் முனைத் துண்டுகள் வெட்டப்பட்டு ரத்தத்தில் கலக்கின்றன. முதல் வகைக் கொலாஜனின் ஒரு மூலக்கூறு நாரில் சேர்ந்தால் ஒரு முனைத் துண்டு ரத்தத்தில் வரும்: ஒன்றுக்கு ஒன்று என்ற அழகான கணக்கு. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2000-ல் ரத்தக் கொதிப்பால் இதயம் பாதிக்கப்பட்டவர்களின் இதயத் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, அதில் எவ்வளவு கொலாஜன் மண்டியிருக்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள அந்தத் துண்டோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் சேர்ந்தே உயர்ந்தன. தளர்வுக் குறையின் வேரையே தொடும் குறிப்பான் இது, கருத்தளவில் பி.என்.பி.யைவிட மேலானது. தடை என்னவென்றால், முதல் வகைக் கொலாஜனை இதயம் மட்டும் செய்வதில்லை. எலும்பும் தோலும் தசைநாணும் அதனாலேயே ஆனவை. முறிந்த எலும்பு கூடும்போதும் அதே துண்டு ரத்தத்தில் வரும். கலெக்டின்-3, எஸ்.டி.2 என்ற வேறு இரண்டு குறிப்பான்களும் அழற்சியையும் நார் மண்டுவதையும் சார்ந்து உயர்பவை; யாருடைய நிலை மோசமாகப் போகும் என்பதைச் சொல்வதில் அவற்றுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அவையும் இதயத்துக்கே உரியவை அல்ல. முதலாவது சிறுநீரகக் குறையிலும் உயர்கிறது. இரண்டாவதற்கு நுரையீரலும் ஓர் ஊற்று. இதயத்தின் முகவரியோடு வரும் மூலக்கூறு கெட்டித்தன்மையைச் சொல்வதில்லை. கெட்டித்தன்மையைச் சொல்லும் மூலக்கூறு முகவரியோடு வருவதில்லை. இந்தத் துறை கால் நூற்றாண்டாக நின்றுகொண்டிருக்கும் இடம் இதுதான்.

அப்படியானால் இந்தச் சோதனையே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? மருத்துவ உலகிலேயே இதில் இரண்டு முகாம்கள் உண்டு. 2018-ல் மேயோ கிளினிக் குழு வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை, உடல் பருமன், மேலறை நடுக்கம், வயது, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளின் எண்ணிக்கை, இரண்டு எக்கோ அளவுகள் ஆகியவற்றை மட்டும் கூட்டி, 9-க்கு எத்தனை என்று சொல்கிறது. ரத்தக் குறிப்பானுக்கு அதில் இடமே இல்லை. 2019-ல் ஐரோப்பியக் குழு வெளியிட்ட முறை அதற்கு உரிய இடம் கொடுத்தது. எனக்கு முதலாவதன் துணிச்சல் பிடிக்கிறது; இயல்பான எண்ணைக் காட்டி நோயாளியைத் திருப்பி அனுப்பும் வாய்ப்பை அது குறைக்கிறது. ஆனால் ஒதுக்கித் தள்ளுவதற்கு எதிரான சான்றும் வலுவானது. அயர்லாந்தில் இதயச் செயலிழப்புக்கான ஆபத்துக் காரணங்கள் உள்ள, ஆனால் நோய் வராத 1,374 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றொரு பிரிவில் பி.என்.பி. 50 பிகோகிராமைத் தொட்டவர்களுக்கு மட்டும் எக்கோ எடுத்து, இதய நிபுணரும் குடும்ப மருத்துவரும் சேர்ந்து கவனித்தார்கள். 2013-ல் முடிவு வந்தது: வழக்கமான பிரிவில் 8.7 சதவீதம் பேருக்குக் கீழறைக் குறையோ இதயச் செயலிழப்போ வந்திருந்தது, மற்றதில் 5.3 சதவீதம் பேருக்கு. இங்கே அந்த எண்ணிடம் யாரும் நோயின் பெயரைக் கேட்கவில்லை. யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். இழுபடும் சுவர் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லும். மூச்சு வாங்கும் ஒருவருக்கு எண் உயர்ந்திருந்து, வயதும் சிறுநீரகமும் துடிப்பின் ஒழுங்கும் அதை விளக்கவில்லை என்றால், இதயம் பாரம் சுமக்கிறது என்று தயங்காமல் நம்பலாம். எண் இயல்பாக இருந்தால் சுவர் தடித்திருக்கிறதா, ஆள் பருமனா, மூச்சிரைப்பு உழைக்கும்போது மட்டுமா என்று கேட்க வேண்டும். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும், அடுத்த படி சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்ப்பதுதான்.

ஒரே ஆளிடம் எண் எப்படி மாறுகிறது என்பது, ஒருமுறை பார்த்த எண்ணைவிடக் கூடுதலாகப் பேசும். பம்பிங் குறையாத இந்த வகை இதயச் செயலிழப்பும் உடல் பருமனும் சேர்ந்த 529 பேரை இரு பிரிவாக்கி, ஓராண்டு வாரம் ஒருமுறை ஒரு பிரிவுக்கு எடையைக் குறைக்கும் செமக்ளூடைடு ஊசியும் மற்றதற்கு வெற்று ஊசியும் போட்டுப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 13.3 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 2.6 சதவீதம். பருமன் எண்ணைத் தாழ்த்துகிறது என்றால், எடை குறையும்போது எண் ஏற வேண்டும். எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு என்.டி. புரோ பி.என்.பி. உயர்வதைப் பல ஆய்வுகள் பார்த்தும் இருக்கின்றன. செமக்ளூடைடு பெற்ற இவர்களுக்கோ அது 20.9 சதவீதம் இறங்கியது. வெற்று ஊசிப் பிரிவில் 5.3 சதவீதம்தான். கொழுப்பு கரைந்ததால் எண்ணை மேலே தள்ளும் விசை இருந்தும் எண் கீழே வந்திருக்கிறது. அதே மாதங்களில் அவர்களால் ஆறு நிமிடத்தில் முன்னைவிடக் கூடுதல் தூரம் நடக்க முடிந்தது.